நைட்ரிக் ஆக்சைடும் ஒரு அக்காவின் கிட்னியும்

தலைப்பைப் பார்த்துவிட்டு கெமிஸ்ட்ரி பாடம் என்று ஓடிவிட வேண்டாம். கெமிஸ்ட்ரி கொஞ்சம் வரும், ஆனால் கதை ஒரு பவுடர் டப்பாவில் ஆரம்பிக்கிறது.

ஊர் திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில். பெயர்கள் வேண்டாம். தம்பி, அக்கா என்றே வைத்துக்கொள்வோம். தம்பிக்கு வயது 48. பத்து மா நிலம், ஒரு பம்புசெட், இரண்டு மாடு. 2015ல் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. காரணம் பி.பி. தலைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வயலுக்குப் போன மனுஷன். கால் வீங்கி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சொன்ன வார்த்தை டயாலிசிஸ்.

ஏழு மாதம் வாரத்துக்கு 2 நாள் டயாலிசிஸ். விடிகாலை பஸ், நாலு மணி நேரம் மெஷின், திரும்பி வந்து திண்ணையில் சுருண்டு படுப்பது. ஐந்து வயது மூத்த அக்கா ஒருநாள் வந்து பார்த்தார். வெளியே போய் அழுதார். உள்ளே வந்து, "எனக்கு ரெண்டு இருக்கு, அவனுக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவ்வளவுதான்.

1994ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவு. அதனால் காகித வேலை கொஞ்சம் சுலபம். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அக்காவின் கிட்னி தம்பியின் வயிற்றில், வலது பக்கம் கீழே, பொருத்தப்பட்டது. (பழைய கிட்னிகளைப் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், அவை இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும். ஆக தம்பிக்கு இப்போது கணக்குப்படி 3!) மூன்றாம் நாள் சிறுநீர் வாளி நிறைய. தம்பி அதைப் பார்த்து, மேட்டூர் தொறந்துட்டான் என்றாராம்.

பத்து வருடம் ஓடிவிட்டது. இனிமேல்தான் டப்பா வருகிறது.

போன சம்பா நடவு முடிந்த சமயம் தம்பிக்கு பி.பி. மறுபடி ஏற ஆரம்பித்தது. 150, 155 என்று. ஊரில் சப்ளிமெண்ட் விற்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உங்களுக்குக் கொறைவா இருக்கறது நைட்ரிக் ஆக்சைடு. இத ரெண்டு வேளை பால்ல கலந்து குடிங்க, ரத்தக்குழாய் அப்படியே தொறந்துக்கும். நோபல் பரிசு வாங்குன சமாச்சாரம்ணே." டப்பா விலை 2,400 ரூபாய். மூன்று மூட்டை யூரியாவுக்கு மேலேயே வாங்கலாம், பல மூட்டை வாங்கலாம். தம்பி வாங்கிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. நோபல் பரிசும் உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து. எப்படி என்று பார்ப்போம்.

மதகும் லஸ்கரும்

டெல்டாக்காரர்களுக்கு ரத்தக்குழாயைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கலாம். ஜூன் 12ல் திறந்தும் விடலாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைசியில் வயலுக்கு வர வேண்டும். நடுவில் நூற்றுக்கணக்கான மதகு. எந்த மதகை எவ்வளவு தூக்குவது என்று பார்த்துக்கொள்ள லஸ்கர் இருப்பார். லஸ்கர் தூங்கிவிட்டால் மேலே கரை முட்டத் தண்ணீர், கடைமடையில் வெடிப்பு.

உடம்பில் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு ஜவ்வு இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். அந்த ஜவ்வு உற்பத்தி செய்யும் வாயுதான் நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பிறந்து சில விநாடிகளில் காணாமல் போய்விடும். அந்தச் சில விநாடிகளுக்குள் பக்கத்தில் இருக்கும் தசையிடம் "தளர்ந்து கொடு" என்று சொல்லிவிடும். குழாய் விரியும், ரத்தம் தாராளமாகப் போகும், அழுத்தம் குறையும். தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் அது பார்த்துக்கொள்ளும். இதுதான் உடம்பின் லஸ்கர்.

(சிரிப்பு வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடு. அது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் ரத்தக்குழாயை வளையமாக வெட்டி, அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில வளையம் தளர்ந்தது, சில வளையம் தளரவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. வெட்டும்போது உட்சுவர் ஜவ்வு உரசித் தேய்ந்துபோன வளையங்கள் தளரவில்லை! அப்படியானால் ஜவ்விலிருந்து ஏதோ ஒன்று வருகிறது. 1980ல் அதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடாக இருக்கலாம் என்று 1986ல் அவரும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே சொன்னார்கள். 1987ல் லண்டனில் சல்வடோர் மொன்காடாவின் குழு அதை நிரூபித்தது. 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல். மொன்காடாவுக்கு இல்லை. மூன்று பேருக்கு மேல் கொடுக்கமாட்டார்கள் என்பது விதி.

முராட் என்ன செய்தார்? நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட்டுத்தான் வேலை செய்கிறது என்று 1977ல் காட்டினார். ஆல்ஃபிரட் நோபல் சம்பாதித்ததே நைட்ரோகிளிசரினை டைனமைட் ஆக்கித்தான். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரின். விதி எப்படி எல்லாம் விளையாடுகிறது பாருங்கள்.

கிட்னிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நைட்ரிக் ஆக்சைடு செய்ய மூலப்பொருள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம். சாப்பாட்டிலிருந்து வருவது போக, உடம்பு தானே தயாரிக்கும் ஆர்ஜினைனில் பெரும்பங்கு கிட்னியில்தான் தயாராகிறது. கிட்னி கெட்டால் முதல் அடி இங்கே.

இரண்டாவது அடி இன்னும் மோசம். ஏ.டி.எம்.ஏ. என்று ஒரு கழிவுப் பொருள். பார்க்க ஆர்ஜினைன் மாதிரியே இருக்கும். நைட்ரிக் ஆக்சைடு செய்யும் என்சைமின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையை நிறுத்திவிடும். மதகின் பல்சக்கரத்தில் சிக்கிய ஆகாயத்தாமரை மாதிரி. இதை உடைக்கவும் வெளியேற்றவும் நல்ல கிட்னி வேண்டும். கிட்னி செயலிழந்தவர்களின் ரத்தத்தில் இது சேர்ந்துகொண்டே போகிறது என்பதை 1992ல் பாட்ரிக் வாலன்ஸ், மொன்காடா குழுவினர் லான்செட் இதழில் எழுதினார்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு ஏன் இத்தனை ஹார்ட் அட்டாக் என்ற கேள்விக்கு ஒரு துண்டு பதில் கிடைத்தது.

புதுக் கிட்னி வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நிறையச் சரியாகும், முழுக்க இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் கிட்னி மாற்றிக்கொண்ட 2,100 பேரை வைத்து ஆலர்ட் என்று ஒரு ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதியினரின் ரத்தத்தை ஆராய்ந்து 2010ல் வெளியிட்டார்கள். ஏ.டி.எம்.ஏ. அதிகம் இருந்தவர்களுக்குக் கிட்னி கெடுவதும், இதயப் பிரச்சினையும், மரணமும் அதிகமாக இருந்தது. அதுதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. சேர்ந்தே வருகிறது, அவ்வளவு. ஆனால் ஒன்று நிச்சயம். கிட்னி மாற்றிக்கொண்டவர்களில் பலர் இறப்பது கிட்னி கெட்டு அல்ல. கிட்னி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதயமும் ரத்தக்குழாயும் காலை வாரிவிடுகின்றன.

மூன்றாவது அடிதான் நம் கதையின் முடிச்சு. வேறொருவர் உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை சாப்பிட வேண்டிய மாத்திரை இருக்கிறதே, சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், இவை ரத்தக்குழாயைச் சுருக்கும். நைட்ரிக் ஆக்சைடு வேலையையும் குறைக்கும். பி.பி.யை ஏற்றும்.

மண்ணைத் தெரிந்தவர்களுக்கு ஒரு உபரித் தகவல். இந்த இரண்டு மருந்தும் மண்ணிலிருந்து வந்தவை. சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து. எதிர்ப்பை அடக்கும் அதன் குணம் 1972ல் தெரியவந்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, 1984ல். 1954ல் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே முதன்முதலில் வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியபோது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி இரட்டையர், அதனால் எதிர்ப்பே இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1971ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று நடந்தபோதும் இந்த மருந்துகள் கிடையாது. இன்றைக்கு அக்கா கிட்னி தம்பியிடம் பத்து வருடம் ஓடுகிறது என்றால் அந்த மண் கொடுத்த வரம்.

சாயங்கால மாத்திரை

தம்பிக்கு இந்த மூன்றாவது அடி எப்படித் தெரிந்தது? அக்கா மகன் மூலம். காலேஜில் படிக்கிற பையன். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டச் சொன்னார் மாமா. பையன் படித்தான், போனிலும் தேடினான். "மாமா, நீங்க சாப்பிடற மாத்திரையே நைட்ரிக் ஆக்சைடக் கொறைக்குமாம்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

மீதியைத் தம்பி தானே எழுதிக்கொண்டார். மாத்திரை திருடன். டப்பா போலீஸ். காலையில் மாத்திரை, சாயங்காலம் மாத்திரைக்குப் பதில் பவுடர். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா வந்தார். தம்பி வீட்டுக்கு வந்தால் அவர் செய்கிற முதல் காரியம் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பது. பத்து வருடப் பழக்கம். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தம்பி, இது என்னடா அட்டை குறையவே இல்ல?"

"அது வந்துக்கா... சாயங்காலம் மட்டும் நிறுத்திப் பாக்கறேன். அது ரத்தக்குழாயச் சுருக்குதாம். உன் மவன்தான் சொன்னான்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தம்பி பிற்பாடு சொன்னார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "அது ஒன்னுது மட்டும் இல்லடா" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருச்சி.

ரத்தப் பரிசோதனை. 1.3ல் நின்றுகொண்டிருந்த கிரியேட்டினின் 1.6. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு இருக்க வேண்டியதற்கு வெகு கீழே. டாக்டர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தஞ்சாவூர்க்காரருக்குப் புரிகிற பாஷையில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, மதகு சரியா தொறக்கலன்னு கரைய வெட்டி விடுவீங்களா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதின் சாரம் இது. மாத்திரை ரத்தக்குழாயைச் சுருக்குவது உண்மை. அதற்கு வைத்தியம் இருக்கிறது. அம்லோடிபின் மாதிரி பி.பி. மாத்திரை கொடுக்கலாம், டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நிறுத்தினால் உடம்பின் காவல்படை அக்கா கிட்னியை அந்நியன் என்று அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பிக்கும். அப்படி அடிக்கும்போது அந்தப் படையிலுள்ள செல்கள் வீசும் ஆயுதங்களில் ஒன்று எது தெரியுமா? அதே நைட்ரிக் ஆக்சைடு! சுவர் ஜவ்வு சொட்டுச் சொட்டாக விடும்போது அது மருந்து. படைவீரன் குடம் குடமாகக் கொட்டும்போது அது விஷம். பயிருக்குத் தண்ணீர் மாதிரிதான். முறை வைத்து விட்டால் விளைச்சல், நவம்பர் வெள்ளமாக வந்தால் அழுகல்.

சரி, பவுடர்? அதில் இருந்தது ஆர்ஜினைன். மூலப்பொருளைக் கொட்டினால் உற்பத்தி கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்படி நினைத்து அமெரிக்காவில் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்த 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்ஜினைன், மறுபாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2006ல் முடிவு வந்தது. ரத்தக்குழாய் ஒன்றும் இளகவில்லை. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் ஒருவரும் இல்லை. ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் பாலில் கலந்து குடிக்கிற சரக்கு இது இல்லை என்பதற்கு அந்த 6 பேர் போதும்.

அப்போ எதுதான் கூட்டும்?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 2,400 ரூபாயும் வேண்டாம்.

நடை. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் சுவரை உரசும், அந்த உரசல்தான் ஜவ்வுக்கு உத்தரவு. குடமுருட்டிக் கரையில் காலையில் முக்கால் மணி நேரம் கைவீசி நடந்தால் லஸ்கர் எழுந்து வேலைக்குப் போவார். புகையிலையை விடுவது, உப்பைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, இவை எல்லாம் ஜவ்வைக் காப்பாற்றும்.

அப்புறம் கீரை. இது கொஞ்சம் அழகான விஷயம். கீரையும் பீட்ரூட்டும் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. சாப்பிட்டால் அதில் ஒரு பங்கு எச்சிலில் வந்து சேரும். நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும். விழுங்கினால் வயிற்றிலும் ரத்தத்திலும் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறும். ஆர்ஜினைன் வழி அடைபட்டாலும் இது ஒரு பக்க வாய்க்கால். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் யூரியா போட்டால், அதிலிருந்து வரும் நைட்ரேட்டைச் சேற்றுப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வழியில் உண்டாவதும் இதே நைட்ரிக் ஆக்சைடுதான். வயலில் நடப்பதும் வாயில் நடப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை!

ஆனால் இங்கேயும் ஒரு 'ஆனால்' உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் பொட்டாசியம் அதிகம். கிட்னி மந்தமாக இருந்தால் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தும். அதனால் அளவை டாக்டரோ டயட்டீசியனோதான் சொல்ல வேண்டும். பச்சையாக வேண்டாம், கழுவி வேகவைத்து. வீட்டுக் கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் இருந்தால் அந்தப் பழத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அந்தக் குடும்பத்துப் பழங்கள் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றக்கூடியவை.

இன்னொரு பாதி

தம்பிக்கு எல்லாம் எழுதிக்கொடுத்து முடித்த டாக்டர் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா கொடுத்தவங்க? கடைசியா எப்ப செக்கப் பண்ணீங்க?"

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்."

"எப்பம்மா?"

அக்கா யோசித்தார். ஆபரேஷன் முடிந்து முதல் வருடம் இரண்டு தடவை வந்திருந்தார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தம்பிக்குத் துணையாக. பத்து வருடமாக அதே வராண்டாவில், அதே பெஞ்சில், தம்பியின் பையையும் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் யாரும் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கட்டிப் பார்த்தார்கள். 158/96.

கிட்னி கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஒற்றைக் கிட்னியோடு இருப்பவருக்கு பி.பி. வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்து கவனிக்காமல் விட்டால் இழப்பதற்கு இரண்டாவது கிட்னி இல்லை. அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை பி.பி., சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். தம்பிக்கு ரத்தக்குழாய் ஜவ்வு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அக்காவுக்கும். பெயர்கூடத் தெரியாத பி.பி.தான் பத்து வருடம் முன்னால் தம்பியின் இரண்டு கிட்னியையும் தின்றது. அதே பி.பி. அக்கா உடம்பில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது.

வரும் வழியில் பஸ்ஸில் தம்பி பேசவே இல்லை. திருக்காட்டுப்பள்ளி தாண்டியதும், "அக்கா, இனிமே ஒனக்கும் எனக்கும் ஒரே தேதியில சீட்டு போடச் சொல்லிட்டேன்" என்றார். அக்கா, "சரிடா, நீ அட்டைய ஒழுங்கா முடி" என்றார்.

ஒரு மாதத்தில் தம்பியின் கிரியேட்டினின் 1.4க்கு இறங்கியது. 1.3 திரும்ப வரவில்லை. அந்தப் பத்து நாளின் விலை அந்த 0.1 என்று வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்குக் காலையில் ஒரு பி.பி. மாத்திரை. சிறுநீரில் புரதம் இல்லை, நல்லவேளை. டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் விதை உளுந்து போட்டு வைத்திருக்கிறார்கள்.

2008ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகுதான் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேச்சானது. 2023 செப்டம்பரிலிருந்து இறந்தபின் உறுப்பு கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. நல்ல விஷயம், கட்டாயம் வேண்டும். ஆனால் உயிரோடு இருந்து கொடுத்தவர்கள்? அம்மாக்கள், அக்காக்கள், மனைவிகள். வராண்டா பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருப்பவர்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கிட்னி கொடுத்தவர் இருந்தால் இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். வாங்கியவர் எப்படி இருக்கிறார் என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். நீங்கள், "உங்களுக்கு பி.பி. கடைசியா எப்ப பாத்தாங்க?" என்று கேளுங்கள்.